ஒரே பெயர், வேறு ஆள்: வடாற்காட்டு வரலாற்றில் குழம்பும் பெயர்களைச் சொல்லுங்கள்

கேள்வி: காட்பாடி வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர். வருஷா வருஷம் மே மாதம் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வரலாற்று வினாடி வினா நடத்துகிறேன். கேள்விகளை நானே உட்கார்ந்து எழுதுவேன். திருத்துவதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வருவார்கள்.

போன வருஷம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்துச் சுற்றில் 30 கேள்விகள். ஏழாவது கேள்வி, 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்ட சென்னை கவர்னர் யார் என்பது. இருபத்திரண்டாவது, 1829-ல் உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்த கவர்னர் ஜெனரல் யார் என்பது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டுக்கும் வில்லியம் பெண்டிங் என்று எழுதியிருந்தாள். திருத்திய தம்பி, "ரெண்டு கேள்விக்கு ஒரே பதில் எப்படி வரும்? தெரிஞ்ச பேரை ரெண்டு இடத்திலும் எழுதி வெச்சிருக்கா" என்று ஏழாவதற்குச் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டான். நானும் மொத்த மார்க்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மார்க்கில் அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் பரிசு போனது.

அவள் சண்டை போடவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு தாளை எடுத்துக்கொண்டு வந்து, ஏழாவது வரியில் விரலை வைத்து, "சார், ரெண்டும் அவருதானே?" என்று கேட்டாள். அந்த விரலில் பேனா மை ஒட்டியிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. 31 வருஷம் பாடம் நடத்தியவன் நான். 1803 முதல் 1807 வரை சென்னை கவர்னராக இருந்து, வேலூரால் பதவி போன அதே பெண்டிங்தான், இருபது வருஷம் கழித்து 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்ப வந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷம் "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாடப்புத்தகத்தில் ஒருவர் புரட்சிப் பாடத்தில் வருகிறார், மற்றவர் சமூக சீர்திருத்தப் பாடத்தில் வருகிறார். படிக்கிறவர்கள் மனதில் அவர் இரண்டு ஆளாகவே உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பரிசைக் கொடுத்தேன். ஆனால் மேடையில், மற்ற பிள்ளைகள் கைதட்டக் கொடுப்பது மாதிரி ஆகுமா?

அதனால் இந்த வருஷம் முழுப் போட்டியையும் இந்த விஷயத்தின் மேலேயே வைக்கப் போகிறேன். பெயர் ஒன்று, ஆள் வேறு. அல்லது பெண்டிங் மாதிரி, இரண்டு பேர் போலத் தெரிந்தாலும் ஆள் ஒருவரே. பழைய வடாற்காடு மாவட்டத்தோடு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு, ஏதாவது ஒரு விதத்தில் தொடர்பு இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒன்று: ராஜகோபாலாச்சாரி. நமக்குத் தெரிந்தவர் ராஜாஜி, சி. ராஜகோபாலாச்சாரி. 1921 கடைசியில் கைதாகி வேலூர் சிறையில் இருந்தவர். அதே காலத்தில் சென்னையில் இன்னொருவர் இருந்தார், சர் பி. ராஜகோபாலாச்சாரி. கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்தவர், 1920-ல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் தலைவர் ஆனவர். ஒருவர் சட்டமன்றத்தைப் புறக்கணித்துச் சிறைக்குப் போகிறார், மற்றவர் அதே சட்டமன்றத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இனிஷியலை விட்டுவிட்டுப் படித்தால் ஒன்றுமே புரியாது.

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும். பிள்ளைகள் மார்க் சம்பந்தப்பட்டது.

---

பதில் 1: அகழிக்கரை

சார், கோட்டைக்குள்ளிருந்தே ஆரம்பிக்கலாம். தினமும் காலையில் அகழியைச் சுற்றி நடக்கிறவன் நான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கதை சொல்லும்போது பலபேர் "ஸ்ரீரங்கராயர்" என்று ஒரே ஆளாகச் சொல்லிவிடுகிறார்கள். கோட்டைக்குள் கொல்லப்பட்டவரையே விஜயநகரத்தின் கடைசி அரசர் ஆக்கிவிடுகிறார்கள். இரண்டு பேரும் வேறு வேறு.

ஆரவீடு வம்சத்தில் மூன்று ஸ்ரீரங்கர்கள். முதலாமவர் பெனுகொண்டாவில் இருந்து ஆண்டார், 1572 முதல் 1586 வரை. அவரை விட்டுவிடுங்கள். இரண்டாமவர்தான் நம் கோட்டைக்குள் முடிந்துபோனவர். 1614-ல் வேங்கடபதி ராயர் இறந்ததும் பட்டத்துக்கு வந்தார். ஜக்கராயன் என்ற பிரபு அவரைப் பிடித்து, குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் அடைத்து, எல்லாரையும் கொன்றான். யாசம நாயக்கர் என்ற தளபதி ஒரு சலவைத் தொழிலாளி மூலமாக ஒரு பையனை மட்டும் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பையன்தான் பிறகு ராமதேவராயராகப் பட்டத்துக்கு வந்தவன். கோட்டை வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூட்டை ஞாபகம் வரும். காவலுக்கு நின்றவன் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்திருந்தால் போதும்.

மூன்றாம் ஸ்ரீரங்கர் 1642-ல் வந்தவர். அவர்தான் கடைசி. சென்னைப்பட்டினத்தைக் கம்பெனிக்கு உறுதி செய்து 1645-ல் சாசனம் கொடுத்தவரும் அவரே. பீஜப்பூர்ப் படையிடம் வேலூரை இழந்தவரும் அவரே. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

---

பதில் 2: எக்ஸ்ரே அக்கா

வணக்கம் சார். நான் நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தவள், கடைசி வரை எக்ஸ்ரே பிரிவு. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐடா ஸ்கடர் என்றால் வேலூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை, டாக்டரான அவர் அப்பாவை ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இதெல்லாம் எல்லாப் பேச்சுப் போட்டியிலும் வருகிறது.

ஆனால் இன்னொரு ஐடா ஸ்கடர் இருந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவரும் டாக்டர். அவரும் வேலூரிலேயே, அதே ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்தவர். மூத்தவரின் அண்ணன் மகள். மூத்தவர் ஐடா எஸ்., இவர் ஐடா பி. அத்தை பெயரையே வைத்திருக்கிறார்கள். எஸ் என்பது சோஃபியா, அது மூத்தவரின் அம்மா பெயர். பி என்பது பெல். சின்ன ஐடா கதிரியக்கத் துறையில் இருந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைவிட மூத்த டெக்னீசியன்கள் "டாக்டர் ஐடா பி" என்று சேர்த்தேதான் சொல்வார்கள். பி-யை விட்டால் அத்தையைச் சொல்வதாக ஆகிவிடும் அல்லவா.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு சார். அத்தைக்குச் சிலை, படம், பாடப்புத்தகம் எல்லாம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே, மருமகள் செய்த வேலை கூட அத்தை கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இருட்டறையில் படம் கழுவிக் கொடிக் கம்பியில் மாட்டிக் காயவைத்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தவள் நான். ஒவ்வொரு படத்திலும் பெயரோடு நம்பரும் வலது இடது அடையாளமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவோம். ஒரே நாளில் இரண்டு "கோவிந்தம்மாள்" வருவார்கள். நம்பர் மாறினால் ஒருத்தியின் எலும்பு முறிவு இன்னொருத்தியின் கையில் போய்விடும். பெயரை மட்டும் நம்பாதே என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்புறம், அந்தக் குடும்பத்தில் ஜான் ஸ்கடரும் இரண்டு பேர். தாத்தா ஜான் 1819-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பார்த்தவர், 1836-ல் சென்னைக்கு வந்தார். அவர் மகன் ஜான்தான் ஐடாவின் அப்பா. அவரும் டாக்டர். மகள் படித்துவிட்டுத் திரும்பி வந்த அதே 1900-ல் இறந்துபோனார். "ஐடாவின் தந்தை 1819-ல் இலங்கை வந்தார்" என்று யாராவது எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு தப்பு போடலாம்.

---

பதில் 3: சேண்பாக்கம் பையன்

சார், ஒரு சந்தேகம். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அங்கே நினைவுச்சின்னம் உள்ள கண்டி ராஜா ராஜசிங்கனும், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மனும் ஒரே வம்சமா? எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

---

பதில் 4: காட்பாடி வாத்தியார்

தம்பி, சம்பந்தமே இல்லை. காஞ்சி ராஜசிம்மன் பல்லவன். அவன் சொந்தப் பெயர் நரசிம்மவர்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். ராஜசிம்மன் என்பது பட்டப் பெயர். கண்டி ராஜா அவனுக்கு ஆயிரத்து நூறு வருஷம் பின்னால் வந்தவர். பட்டத்துக்கு வருமுன் அவர் பெயர் கண்ணுசாமி. 1798-ல் அரியணை ஏறும்போது ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் ஆனார். 1815-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அடுத்த வருஷம் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள், 1832 ஜனவரி 30-ல் இங்கேயே இறந்தார். அவருக்கு முன்னால் ஆண்டவரும் ராஜாதி ராஜசிங்கன், அதற்கு முன்னால் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். கண்டியில் அது பட்டத்தோடு வரும் பெயர்.

ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணனிடம் சண்டை வேண்டாம். கண்ணுசாமி என்ற பெயரை மட்டும் சொல், அவரே யோசிப்பார். நல்ல கேள்வி கேட்டாய், இதையும் தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.

---

பதில் 5: ஆற்காடு மக்கன்பேடா

சலாம் சார். எங்கள் ஊரை விட்டுவிட்டு இந்தப் போட்டியை நடத்த முடியாது.

திப்பு என்று சொன்னதும் எல்லாரும் மைசூரைப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பெயர் ஆற்காட்டிலிருந்து போனது. திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியவரின் தர்கா இங்கே இருக்கிறது. ஹைதர் அலியின் மனைவி பிள்ளைப் பேறுக்காக இங்கே வேண்டிக்கொண்டதாகவும், பிறந்த மகனுக்கு அந்தப் பெரியவரின் பெயரையே வைத்ததாகவும் வரலாறு. சின்ன வயதில் என் தாதி, அதாவது அப்பாவின் அம்மா, வியாழக்கிழமை சாயங்காலம் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போவார். "இவர் பெரிய திப்பு, ராஜா சின்ன திப்பு" என்பார். எங்கள் வீட்டில் சுல்தான்தான் சின்னவர். பள்ளிக்கூடத்தில் திப்பு சுல்தான் பாடம் வந்தபோது, டீச்சர் பெரியவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று எனக்கு ஒரே ஏக்கம்.

சுல்தானின் இன்னொரு பெயர் ஃபதே அலி. அதில் அவர் தாத்தா ஃபதே முகமதுவின் பெயர் இருக்கிறது. அப்புறம் சுல்தானின் மூத்த மகன் ஃபதே ஹைதர். அப்பாவின் ஃபதேயும் தாத்தாவின் ஹைதரும் சேர்ந்த பெயர். 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் அரசராக அறிவித்தது இந்த ஃபதே ஹைதரைத்தான். நாம் தமிழில் பெயரன் என்பதைத்தான் பேரன் என்கிறோம் இல்லையா சார், அதுபோலத்தான். பெயர் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிறது.

நவாப்களில் சாதத்துல்லா கான் இரண்டு பேர். பெரியவர் 1732 வரை ஆண்டவர். செஞ்சி தேசிங்கு ராஜாவை வென்றவர், தேசிங்கின் மனைவி நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கியவர் என்று சொல்லப்படுகிறவர். சின்னவர் சிறுவன். அவர் அப்பா சப்தர் அலியை 1742-ல் வேலூரில் வைத்துக் கொன்றார்கள். பிள்ளையை நவாப் ஆக்கினார்கள். 1744-ல் ஆற்காட்டில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பிள்ளையையும் கொன்றுவிட்டார்கள். இரண்டாம் சாதத்துல்லா என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். படிக்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

---

பதில் 6: கோரைப்பாய்

வந்தவாசியிலிருந்து எழுதுகிறேன். பாய் வியாபாரம், ஆனால் கல்வெட்டு என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முதலில் எங்கள் ஊர் சங்கதி. சென்னை இருக்கும் இடத்தை 1639-ல் ஆங்கிலேயருக்குக் கொடுத்த தாமல் வெங்கடப்ப நாயக்கர் எங்கள் வந்தவாசியை ஆண்டவர். அப்போது அவருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர் மூன்றாம் வேங்கடர். இரண்டு பேரும் வேங்கடன்தான். ஊரைக் கொடுத்தது ராஜாவா நாயக்கரா என்று வரும் வழக்கமான தகராறில் பாதி இந்தப் பெயரால் வருவது.

இப்போது முக்கியமானது. சார், "முதலாம்", "இரண்டாம்" என்று நாம் போடும் நம்பர் எல்லாம் பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் போட்டது. எந்தக் கல்வெட்டிலும் "மூன்றாம் நந்திவர்மன்" என்று இருக்காது. அந்தக் காலத்து ஆட்கள் எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? யாரை எங்கே ஜெயித்தான், எங்கே செத்தான் என்று பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்துத் தெள்ளாற்றில் நடந்த சண்டையில் வென்ற பல்லவன் "தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்". நந்திக் கலம்பகத்துக்கு நாயகன் அவன்தான். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் கட்டிய நந்திவர்மன் வேறு, அவன் பல்லவமல்லன், கொஞ்ச காலம் முந்தியவன். சந்தையில் நாலு முருகன் இருந்தால் "மேட்டுத்தெரு முருகன்", "டிராக்டர் முருகன்" என்று கூப்பிடுகிறோமே, அதே வழக்கம்தான் அது.

இதில் நான் ஒருமுறை நன்றாகக் குழம்பியதையும் சொல்கிறேன். பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது. அங்கே ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை, அதாவது இறந்த அரசன் நினைவாகக் கட்டும் கோயில், எழுப்பியிருக்கிறான். கல்வெட்டில் அரிஞ்சயனுக்கு "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்று பெயர். ஆற்றூரில் இறந்தவர் என்று அர்த்தம். நான் வெயிலில் குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் படித்துவிட்டு, காளத்திக்குப் பக்கத்துத் தொண்டைமானாற்றூரில் இறந்த முதலாம் ஆதித்தன்தான் இது என்று நோட்டில் எழுதிவிட்டேன். அவனுக்கு "தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்" என்று பெயர் உண்டு. அவனுக்கும் ஒரு பள்ளிப்படை இருக்கிறது, அதைக் கட்டியது அவன் மகன் பராந்தகன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: ராஜராஜனுக்கு ஆதித்தன் பாட்டன் ஆக முடியாது, பாட்டனுக்குப் பாட்டன். ஆதித்தன் மகன் பராந்தகன், பராந்தகன் மகன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். தலைமுறையை விரல்விட்டு எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மறுவாரம் திரும்பவும் மேல்பாடிக்கு பஸ் ஏறிப் போய் முழுக்கப் படித்துவிட்டு வந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள்: தாளில் நம்பர் போட்டுக் கேட்காதீர்கள். "தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஊரும் சேர்ந்து மனதில் நிற்கும்.

---

பதில் 7: காட்பாடி வாத்தியார்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கோரைப்பாய் ஐயா சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. கேள்விகளை எல்லாம் திருப்பி எழுதிவிட்டேன். இனி "இரண்டாம் ஸ்ரீரங்கர்" கிடையாது, "வேலூர்க் கோட்டைக்குள் குடும்பத்தோடு கொல்லப்பட்ட ஸ்ரீரங்கர்". அவருக்கு எதிரே "சென்னைக்கு 1645-ல் சாசனம் கொடுத்த ஸ்ரீரங்கர்".

எக்ஸ்ரே அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். சின்ன ஐடாவுக்கு இரண்டு கேள்வி ஒதுக்கியிருக்கிறேன். ஆற்காடு பாய், தர்காவுக்கு இந்த வியாழக்கிழமை வருகிறேன். பெரிய திப்பு பற்றிய கேள்வியை எழுதுமுன் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நீங்கள் இருந்தால் நல்லது.

திருத்தும் வேலையில் ஒரு மாற்றம். போன வருஷத்துப் பெண்ணின் வீட்டுக்கு நேற்று போனேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த வருஷம் போட்டியில் கலந்துகொள்கிறாயா, இல்லை என்னோடு உட்கார்ந்து விடைத்தாள் தயாரிக்கிறாயா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள், பிறகு தயாரிக்கிறேன் என்றாள். போனில் இந்த உரையாடல் முழுவதையும் அவளுக்குக் காட்டினேன். மெதுவாகப் படித்தாள். படித்து முடித்ததும் பேனா கேட்டாள். என் கேள்வித்தாளில் "ஜான் ஸ்கடர் எந்த ஆண்டு சென்னைக்கு வந்தார்?" என்று இருந்த வரிக்குப் பக்கத்தில், "எந்த ஜான் சார்?" என்று எழுதினாள்.

திருத்திவிட்டேன். "ஐடாவின் தாத்தா ஜான்" என்று. தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாரிடமாவது இன்னொரு ஜோடி இருந்தால் அனுப்புங்கள். முக்கியமாகத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றுகூட வரவில்லை.